ஆறு ஜிகாபாஸ்கல்

கஞ்சிக்கோட்டில் இரும்புக்குப் பஞ்சமில்லை.
உலைகள் இரவெல்லாம் உருக்கும்,
தைமாதக் கணவாய்க் காற்று
புகையை மேற்கே தள்ளிக்கொண்டு போகும்.
எனக்கு வேண்டிய இரும்பு
கடுகுக்குள் ஆயிரம் அடங்கும் ஒரு துணுக்கு,
செலினியத்தோடு கூட்டாக,
இரண்டு வைர முனைகளுக்கு நடுவே.
நாலு தங்கக் கம்பிகளை ரெஜீனா ஒட்டினாள்.
ஒட்டி முடிக்கும்வரை
அவள் மூச்சுவிட்டதாக நினைவில்லை.

ஹீலியம் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும்.
வாளையாற்றில் இப்போது லாரிகளை நிறுத்துவதில்லை.
ஆனாலும் மயில்சாமி
செக்போஸ்ட் இருந்த இடத்தில்
பழக்கதோஷத்தில் வண்டியை ஓரங்கட்டி
ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வருவார்.
அந்த அரைமணியில் ஆவியாவது
எங்கள் ஆராய்ச்சி நிதி.

அழுத்தாதபோது ஒன்பது கெல்வின்.
அதற்குக் கீழேதான் மின்தடை இல்லாமல் போகும்.
திருகைக் கால் சுற்று திருப்பினோம்: பதின்மூன்று.
ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஓரிரவு.
மூன்றாம் இரவில் காந்தம் விழித்துக்கொண்டது.
ஒரு வரிசை அணுக்கள் மேலே பார்க்க
அடுத்த வரிசை கீழே பார்த்து,
விட்டுக்கொடுக்காமல்.
மீகடத்தல் சறுக்கியது.
ரெஜீனா மலையாளத்தில் திட்டினாள், நான் தமிழில்.
துணுக்குக்கு இரண்டும் புரியவில்லை.

இன்னும் திருகினோம்.
கேன்டீனில் பொறோட்டா தீர்ந்த பிறகு சாப்பிடப் போனோம்.
பச்சை லேசர் பட்டு
உள்ளே இருந்த மாணிக்கத் துகள் சிவக்கும்;
அந்தச் சிவப்பு இரண்டு நானோமீட்டர் நகர்ந்திருந்தது.
ஆறு ஜிகாபாஸ்கல்.
கடலின் ஆழமான பள்ளத்துக்கும்
ஐம்பது மடங்குக்கு மேல்.

விடிகாலை நாலு பத்துக்குக் கோடு விழுந்தது.
சரியவில்லை, விழுந்தது.
முப்பத்தேழு.
உடம்புச் சூட்டின் எண்தான்,
உடம்பு தாங்காத குளிரில்.

காந்தம் எங்கே போயிற்று?
செத்துவிட்டது, அதனால் வழி திறந்தது
என்று ஒரு கட்சி.
சாகவில்லை, ஒழுங்கு குலைந்தபின்
மிஞ்சிய நடுக்கம்தான்
எலக்ட்ரான்களை ஜோடி சேர்க்கிறது
என்று இன்னொரு கட்சி.
எனக்கு இரண்டாவது பிடிக்கும்.
பிடிப்பது சான்றாகாது.

இன்னொரு கால் சுற்று வேண்டாம் என்றாள் ரெஜீனா.
வேண்டும் என்றவள் நான்.

ஒரு சின்ன ‘டிக்’.
சுள்ளி ஒடிந்த மாதிரி.
மாணிக்கத்தின் சிவப்பு
பழைய இடத்துக்கே வந்து நின்றது,
எதுவுமே நடக்காத மாதிரி.

காலிக் கலனை எடுக்க வந்த மயில்சாமி
பிளந்த வைரத்தை நுண்ணோக்கியில் பார்த்தார்.
“டயருக்கே ஒரு அளவு இருக்கே, மேடம்.”
சேத அறிக்கையில் ‘காரணம்’ என்ற கட்டம்
நாலு விரல் அகலம்.
அழுத்தம் என்று எழுதினேன்.
யாருடைய அழுத்தம் என்று
அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

வரைபடத்தில் அந்த ஒற்றைப் புள்ளி
பக்கத்தில் துணையில்லாமல் நிற்கிறது.
அடுத்த வைரத்துக்குப் பதினோரு வாரம்.