ராயக்கோட்டைக்கு மேற்கே சிவப்பு

மூன்று மணிக்கு ரேடாரில் ஒரு பச்சைப் பொட்டு,
தேன்கனிக்கோட்டைக் காட்டுக்கு மேலே.
மூன்றேகாலுக்கு மஞ்சள்.
தலைவலி என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு
ஈசிஜி அறையைச் சாத்தினேன்.
கிளினிக் வாசலில் கௌசர்
ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தியிருந்தாள்,
ஹெல்மெட்டுக்குள் சிரித்தபடி.

"எங்கேடி?"
"ராயக்கோட்டை ரோடு. சிவப்பாயிடுச்சு. சீக்கிரம்."

எங்களிடம் இருந்தது
பாதி டேங்க் பெட்ரோல்,
ஒரு பவர் பேங்க்,
கழுத்தறுத்த தண்ணீர் பாட்டிலில்
ஸ்கேல் ஒட்டிய மழைமானி,
வீட்டுக்குச் சொன்ன பொய் ஆளுக்கொன்று.
அவளுடையது தையல் வகுப்பு.

மே மாதத்து மேகம்
எங்கிருந்தும் வருவதில்லை.
இங்கேயே முளைக்கிறது,
பாறை சுட்ட சூட்டில்,
காலிபிளவர் மேல் காலிபிளவராக.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் தலை
எதிலோ முட்டித் தட்டையாகி
எங்கள் பக்கம் நீண்டது.
நிழல் முதலில் வந்தது.
எதிரே லாரிகள் ஹெட்லைட் போட்டன.
பிறகு அந்தக் காற்று.
ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தாற்போல்
கழுத்தில் பட்டதும்
கௌசர் கத்தினாள்.
பயத்தில் இல்லை.

முதல் கல் ஹெல்மெட்டில் டொக்கென்றது.
மாங்காய் மண்டித் தகரக் கொட்டகைக்குள்
வண்டியோடு நுழைந்தோம்.
அப்புறம் பேச்சு கேட்கவில்லை,
கூரைமேல் யாரோ
ஜல்லி லோடு கொட்டிக்கொண்டே இருந்தார்கள்.
நோட்டில் எழுதினேன்:
4.52. ஆலங்கட்டி. எலுமிச்சை அளவு. ஏழு நிமிடம்.
கௌசர் ஒரு கல்லை உடைத்து
உள்ளே இருந்த வளையங்களைப் படமெடுத்தாள்.
"பாருடி, வெங்காயம் மாதிரி."

அப்போதுதான் அவரைப் பார்த்தேன்.
காலி கிரேட்டின் மேல் உட்கார்ந்து
தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மழையை அல்ல.
ஒவ்வொரு காய் விழும்போதும்
இமை ஒரு தரம் அசைந்தது.

"இன்னாத்துக்கும்மா வந்தீங்க, இந்த மழையில?"
அந்த நேரத்துக்குப் பொய் எதுவும் வாய்க்கவில்லை.
"மழையைப் பார்க்கத்தான்."
"வரும்னு தெரியுமா?"
"மூணு மணிக்கே."

அவர் இறங்கிப் போய்
ஒரு பெங்களூராவைப் பொறுக்கி வந்தார்.
தோலில் நாலு இடத்தில் நசுங்கல்.
லுங்கியில் துடைத்து என் கையில் கொடுத்தார்.
"மூணு மணிக்குத் தெரிஞ்சிருந்தா
ஒரு லோடு இறக்கியிருப்பேன்."
கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.
பெயர் திம்மராயன். குத்தகைத் தோப்பு.
என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வியாழன் மறுபடியும் மஞ்சள், சிவப்பு.
கூப்பிட்டுச் சொன்னேன்.
நாலு ஆளை வைத்து ஒரு லோடு பறித்தார்.
மேகம் சூளகிரிக்கு மேலேயே
வந்த சுவடில்லாமல் கரைந்தது.
முற்றாத காய்க்கு ஃபேக்டரியில் பாதி விலை.
கூலி வேறு.
அவர் திட்டவில்லை.
"மேகந்தானேம்மா" என்றார்.
ராத்திரி நோட்டில்
மழை 0.0 என்று எழுதினேன்.
மற்றதை எழுத
அதில் கட்டம் இல்லை.

கௌசர் சொல்கிறாள்,
நாம ஆபீசர் இல்லடி, வேடிக்கை பாக்குறவங்க.
சரிதான்.
ஆனால் அவரிடம் என் நம்பர் இருக்கிறது.

இன்று மூன்றரைக்கு அவரே படம் அனுப்பினார்.
தோப்புக்கு மேலே ஏதோ கறுப்பு,
பாதியைக் கட்டைவிரல் மறைத்திருக்கிறது.
கீழே ஒரு வரி:
இது வருமா போகுமா

ரேடாரில் ஒன்றுமில்லை.
ரேடார் படம் பத்து நிமிடம் பழசு.
மேசையில் யாரோ சட்டையைக் கழற்றிவிட்டு
மல்லாந்து காத்திருக்கிறார்.
நெஞ்சில் ஜெல் தடவி,
"மூச்சை இயல்பா விடுங்க" என்கிறேன்.
வெளியே
ஸ்கூட்டர் ஹாரன், இரண்டு முறை.