செல்லும்

முகமாலையில் ஒன்பது வருடம்
இதைப் போல ஒன்றைத்தான் பிடித்து நடந்தேன்.
அது கத்தினால் குந்தியிருந்து
முப்பது பாகையில் கம்பியைச் சரித்து
மண்ணிடம் விரற்கடை விரற்கடையாகக் கேட்போம்.
இது கத்தினாலும்
முழங்கால் தானாக மடிகிறது.

"பிள்ளை, இது காசு தேடுற மிசின்," என்கிறார்
ஸ்கார்பரோவிலிருந்து வந்த அருளம்பலம்,
வேம்படியில் குடையோடு நின்று.
"வெடிக்காது."

ஓம், வெடிக்காது.
ஆனாலும் கம்பியைச் சரித்துத்தான் விடுகிறேன்.

விடுவிக்கப்பட்ட காணி.
சந்தை இருந்ததாக உறுதியில் ஒரு வரி.
கூரை இல்லை, சீமெந்துத் திட்டு இல்லை,
நாயுருவியும், ஆமி நட்டுவிட்டுப் போன
நாலு வாழையும்.
எங்கே எவர் இருந்தாரென்று அவருக்குத் தெரியாது;
பெரிய வீட்டுப் பிள்ளை, சந்தைக்கு விடமாட்டார்களாம்.
நான் பிறந்தது கிளிநொச்சியில்.

முதல் நாள்
சோடா மூடி, சோடா மூடி, குடைக்கம்பி,
பாக்குவெட்டியின் ஒரு கால்,
இரண்டு சன்னக் கோது
(அவற்றைத் தள்ளி, தனியாக வைத்தேன்),
சோடா மூடி.

காவலரணிலிருந்து இறங்கி வந்த பெடியன் கேட்டான்:
"போம்ப?"
"சல்லி," என்றேன்.
அந்தச் சொல் அவனுக்கும் தெரியும்.
சிரித்துவிட்டு, சப்பாத்து நுனியால்
வேறோர் இடத்தைக் காட்டினான்: அங்கேயும் பார்.

அங்கேதான் நிலம் வாய் திறந்தது.
கிழக்கு வேலியோரம் ஒரே சில்லறை,
நெளிந்த விளிம்போடு இரண்டு சதம்,
நகம் போல இலேசான ஒரு சதம்.
மீன்காரர் இருந்திருக்க வேண்டும்;
ஈரக் கையில் காசு நிற்காது.
மேற்கே பத்தடிக்கு ஒன்று, அதுவும் ஐம்பது சதம்.
புகையிலை என்றேன். எண்ணி வாங்குகிறவர்கள்
இலகுவில் கீழே விடமாட்டார்கள்.
நடுவே ஒரு பெரிய வட்டம், ஒரு சத்தமும் இல்லை.
மிசினைத் தட்டிப் பார்த்தேன், பற்றரி மாற்றினேன்.
பிறகு விளங்கிற்று: மாட்டுத் தரகு.
சால்வைக்குள் கைவிட்டு
விரலால் விலை பேசுகிற இடத்தில்
என்ன விழும்?

அதற்குப் பக்கத்தில் இரண்டு இறாத்தல் படிக்கல்.
அடியைக் கடைந்து ஈயத்தை எடுத்திருக்கிறான்.
கள்ளன்.
மூன்று நாளில் அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.
எத்தனை பேர் வீட்டில் போய்
வெங்காயம் காணாதென்று சண்டை பிடித்திருப்பார்கள்!

அவர் கேட்டதும் கிடைத்தது:
பச்சை பிடித்த ஒல்லாந்தர் துட்டு,
ஒன்றன்மேல் ஒன்றேறிய மூன்று எழுத்து.
மருந்துக்கடைப் பஞ்சில் அதைப் படுக்கவைத்து
எனக்குப் பேசிய பணத்துக்கு மேலே
இரண்டாயிரம் தந்தார்.

போகிற நேரம், படலை இருந்த பக்கம்,
அகலமான, விடாத ஒலி.
முகமாலையென்றால் சிவப்புத் தடி நட்டு
பின்னால் போயிருப்போம்.
பக்கவாட்டாகத் தோண்டினேன்.
துணி உக்கிப் போயிருந்தது, முடிச்சு உக்கவில்லை:
இறுக்கிக் கட்டிய உருவிலேயே
ஒன்றையொன்று பிடித்தபடி காசுகள்.
இருபத்தொரு ரூபாய் எழுபத்தைந்து சதம்.
வருடங்களைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.
எண்பத்திரண்டு. எண்பத்தி நாலு.
அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஒரு சதம் விழுந்தாலே குனிகிற சனம்.

"உதுக்கு மதிப்பில்லை," என்றார் அருளம்பலம்,
"நீங்களே வைச்சிருங்கோ."

வைத்திருந்தேன், ஒரு கிழமை, சுண்டுக்குள்.
புளியும் சாம்பலும் போட்டு உரஞ்சினேன்.
யாருடையதென்று கேட்க
ஒருவரும் இல்லாத காசை
வீட்டில் வைத்துக்கொண்டு நித்திரை வராது.

திங்கட்கிழமை பஸ்ஸில்
மற்றக் காசுகளோடு ஒரு ரூபாய்க் குத்தி ஒன்றைக் கலந்து நீட்டினேன்.
நடத்துனர் பெருவிரலால் தடவினான்.
"எங்கையக்கா தாட்டு வைச்சிருந்தனீங்கள்?"
தோற்பைக்குள் போட்டுவிட்டு
பின்பக்கம் போனான்.

சுன்னாகத்தில் ஏறிய ஒருவருக்கு
மிச்சக் காசாக அது போனது.
அவர் பார்க்கவில்லை.
மேல்கம்பியைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது,
மற்றக் கையால் சேட்டுப் பைக்குள் விட்டார்.