எடை

அங்கே, ஹெட்செட்டுக்குள், அதற்கு எடை இல்லை.
ஏழாயிரம் கண்ணாடிப் படிகள்
எதிலும் ஊன்றாமல் ஏறிப்போகும்.
இரவு இரண்டு மணிகளில்
ஸைகாவும் நானும் கட்டியது.
அவள் அங்கே ஒரு நாரை,
நான் வெறும் நீல வட்டம்.

ரீகாவில், பழைய டிராம் பணிமனைக்கு
தீயணைப்புத் துறையிலிருந்து குந்தார்ஸ் வந்தார்.
"எத்தனை கிலோ?"
படிவத்தில் அந்தக் கட்டம் மட்டும் காலி.

முப்பத்தொரு படிதான் செய்ய முடிந்தது.
அக்ரிலிக், இரும்புக் கம்பி, கடன்.
மீதியைத் திரையிலேயே விட்டோம்.
பூட்ஸில் பனியோடு வந்தவர்கள் ஏற ஏற
படிகள் முனகின.
முனகல் எங்கள் கோப்பில் இல்லை.
நிழலும் இல்லை, போட மறந்திருந்தோம்;
இங்கே எங்களைக் கேட்காமலே
தரையெல்லாம் விழுந்து கிடந்தது.

ஸைகாவை அன்றுதான் நேரில் பார்த்தேன்.
ஊன்றுகோல். கனத்த கம்பளிக் கோட்டு.
ஒரே காலில் பாரம் போட்டு நின்ற விதத்தில்
நாரையைக் கண்டுகொண்டேன்.

கடைசிப் படியில் ஒரு சிறுமி
காலை நீட்டி
முப்பத்திரண்டாவதைத் துழாவினாள்.
குந்தார்ஸ் ஓடிப்போய்ப் பிடித்தார்.
திட்டி இறக்கிவிட்டார்.
பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து,
அவரும் காலை நீட்டிப் பார்த்தார்.