ஆறரைப் படகு

கெம்ச்சித் துறையில் மழை நேராகப் பெய்வதில்லை,
பக்கவாட்டில் வந்து காதுக்குள் நுழையும்.
அந்த மழையில் எதுவினா பர்ரியா
மூன்றடுக்குக் கல்யாணக் கேக்கை
எண்ணெய்த் துணியால் போர்த்தியபடி நின்றாள்.
மணி எட்டேகால்.
தீவுக்குப் படகு போய்
இரண்டு மணி நேரம் ஆகப்போகிறது.

"எட்டரை என்றுதானே போட்டிருக்கிறது?"
கைபேசியை நீட்டினாள். குரலில் கோபங்கூட இல்லை.
கால அட்டவணை. நான் செய்தது.
பழக்கதோஷத்தில் ஜேபெக்காகச் சேமித்தது.

துறையிலிருந்து யாரோ மச்சானுக்கு,
மச்சான் சிப்பி ஆலைப் பெண்களுக்கு,
அங்கிருந்து தேவாலயப் பாட்டுக் குழுவுக்கு.
கை மாறிய போதெல்லாம் மறுபடி சுருங்கி,
மறுபடி சேமிக்கப்பட்டு,
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மறந்திருக்கிறது ஜேபெக்;
மறந்த இடத்தை ஊகத்தால் நிரப்பியிருக்கிறது.
எண்களைச் சுற்றி ஈ மொய்த்தாற்போல் அழுக்கு.
அதற்குள் ஆறின் திறந்த வாய்
மெல்ல மெல்ல மூடி
எட்டாகிவிட்டது.

நொல்பெர்த்தோவின் மீன்படகைக் கெஞ்சிப் பிடித்துக் கொடுத்தேன்.
மேலடுக்கு மட்டும் சாய்ந்ததாம்.
மாப்பிள்ளை வீட்டார் அதைத்தான் முதலில் தின்றார்களாம்.

அன்றிரவே அட்டவணையைப் பி.என்.ஜி ஆக்கினேன்.
ஒரு புள்ளியையும் விட்டுக்கொடுக்காத கணக்குப்பிள்ளை அது.
வெள்ளையும் கறுப்பும் கொஞ்சம் நீலமும் தானே,
எடை பாதியாகக் குறைந்தது.
இத்தனை நாள் தெரியாமல் இருந்ததை
யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

திங்களன்று எதுவினா கல்யாணப் படம் அனுப்பினாள்,
படகுப் பக்கத்தில் போடச் சொல்லி.
"நீதானே சொன்னாய், பி.என்.ஜிதான் நல்லது என்று."
இருபத்தெட்டு மெகாபைட்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில்கூட மறைத்துவிடலாம்,
தீவின் இணையத்தில் நகர்த்த முடியாது.
மணப்பெண்ணின் புருவம் வரை இறங்கிய படம்
அங்கேயே அரை மணி நின்றது.

அதை ஜேபெக் ஆக்கினேன்.
வானத்தின் சாம்பலில் ஒன்றிரண்டு சாயல் போயிற்று,
சால்வையில் சில இழைகள் போயின.
அவள் சிரிப்பு போகவில்லை.
முகம் கொஞ்சம் மறதியைத் தாங்கும்.
மணி தாங்காது.

மிச்சம் இருப்பது எங்கள் நிறுவனத்தின் கடற்காகம்.
எனக்கு முன்னால் இருந்தவன் அதையும்
ஜேபெக்கில் வைத்துவிட்டுப் போனான்.
நீலப் பக்கத்தின் மேல்
வெள்ளைப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது பறவை.
பின்னணி இல்லாத மூலக் கோப்பு உண்டா என்று
ஆங்குத் வரை கேட்டுப் பார்த்தாயிற்று.
இப்போது நானே வரைகிறேன், கோடு கோடாக,
எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறடிக்காத எஸ்.வி.ஜி.
அலகு இன்னும் சரியாக வரவில்லை.
வாத்து மாதிரி இருக்கிறது.