நான்காம் எண் ஊசி

கிளாக்ஸ்விக் மீன் ஆலையில்
மத்தியான இடைவேளை முப்பது நிமிடம்.
கையுறை கழன்றாலும்
காட் மீன் வாடை கழலாது.

ஹெர்போர்குக்கு ஏழாம் மாதம்.
ஆளுக்கு இரண்டு சதுரம் என்று பேச்சு:
நான்காம் எண் ஊசி, அறுபது கண்ணி,
சாம்பல் நூலின் நடுவே
எட்டு முனை வெள்ளை நட்சத்திரம்.
எண்ணிக்கையில் யாரும் ஏமாற்றவில்லை.

அப்படியும்
ரன்வாவின் சதுரம் நாலு விரல் குறைந்தது.
சிகரெட்டை விட்டுப் பதினொரு நாள்,
நூலின் கழுத்தை நெரிக்கிறாள்.
யோருனுடையது வலைபோலத் தொளதொள;
பேச்சு நீள நீள
நூலையும் நீள விடுகிறவள்.
ஐஸ் அள்ளும் பார்தூர்
யாரிடமோ ரகசியமாய்க் கற்றுவந்து நீட்டிய
நட்சத்திரத்துக்கு ஏழே முனை.
"பிரி" என்றேன்.
"வானத்தில் போய் எண்ணிவிட்டு வா" என்றான்.
வெளியே மூன்று வாரமாக மூடுபனி.

இழுத்து இழுத்து இணைத்தோம்.
விரித்தால் படியவில்லை,
நடுவில் ஒரு மேடு.
நனைத்தோம், ஆவி காட்டினோம்,
கழுவிய மீன்பெட்டி ஏற்றி
ஓர் இரவு வைத்தோம்.
பெட்டியை எடுத்ததும்
எழுந்து நின்றது.

ஹெர்போர்க் அதைப் பார்த்தாள்,
குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள்,
எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அளவெடுத்துப் பின்னியதுபோல.

சங்கு ஊதிவிட்டது.
கழற்றமாட்டேன் என்கிறாள்.