கணவாய் திறந்திருக்கிறதா

செப்டம்பர் முழுக்க ஒரே கேள்வி,
நாளுக்கு நாற்பது தொலைபேசி:
அபானோ கணவாய் திறந்திருக்கிறதா?
மேய்ப்பர்கள், பாலாடைக்கட்டி வியாபாரிகள்,
வாடகை ஜீப்பில் வந்து மேகத்தைப் படமெடுக்கிறவர்கள்.
ஒருவர் தினமும் கூப்பிடுவார்,
எங்கும் போகிறவர் இல்லை.

அல்வானி சாலை அலுவலகத்தில் எனக்கொரு மேசை,
ஒரு மின்கணப்பு, ஒரு விசை பெயர்ந்த கணினி.
சர்வருக்குப் பணம் கேட்டு திபிலிசிக்கு எழுதினேன்.
சுவர் நாட்காட்டி அனுப்பினார்கள்.

பிறகு நானே தேடிப் படித்தேன்.
காசில்லாமல் ஒரு களஞ்சியம் தருகிறார்கள்,
தானியத்துக்கு அல்ல, கோப்புகளுக்கு.
அதில் ஒரு பக்கத்தை வைத்தால்
அப்படியே உலகத்துக்குக் காட்டுவார்களாம்.
பின்னால் தரவுத்தளம் இல்லை,
ஆளைப் பார்த்து முகம் மாற்றும் வித்தை இல்லை.
அமைச்சருக்கும் ஆட்டுக்காரனுக்கும் ஒரே பக்கம்.

முதல் நாள் எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.
திரையில் நானூற்று நான்கு.
அமைப்புகளுக்குள் போய், கிளையைத் தேர்ந்து, சேமித்து,
மறுபடியும் நானூற்று நான்கு.
இரவு பதினொன்றுக்குப் புரிந்தது:
இண்டெக்ஸ் கோப்பின் முதல் எழுத்தைப்
பெரிய எழுத்தாக அடித்திருக்கிறேன்.
எங்கள் ஜார்ஜிய மொழியில் அந்தப் பேதம் கிடையாது.
வாக்கியத்தின் தலையில் நிற்பதும்
வாலில் நிற்பதும் ஒரே உயரம்.
சிறிதாக்கினேன். தள்ளினேன்.
மஞ்சள் புள்ளி ஒரு நிமிடம் சுழன்று
பச்சையானது.
வெள்ளைத் திரையில் ஒற்றைச் சொல்: திறந்திருக்கிறது.
வெளியே போய் நின்று பார்த்தேன்.
மலை இருட்டில் இருந்தது,
என் சொல்லைக் கேட்டுத்தான் திறந்ததுபோல.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குறிப்பு கேட்கும் அது.
யாரும் படிக்கப்போவதில்லை என்பதால்
தயங்காமல் எழுதினேன்.
"மூடல். பனி முழங்கால் வரை."
"திறப்பு. கோச்சா பேசவில்லை, புல்டோசரில் ஹாரன் மட்டும் அடித்தான்."
"எழுத்துப்பிழை."
"எழுத்துப்பிழையைத் திருத்தியதில் பிழை."
"மூடல். ஒன்பதாம் வளைவோடு கோச்சா திரும்பிவிட்டான்."

அந்தக் கடைசி மூடல் காலையில்.
மாலை, வீட்டுக் கணினியில் இருந்தது முந்தைய நாள் பிரதி.
எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்க நினைத்தேன்,
பார்வை மங்கியவர்களுக்காக.
தள்ளினேன். மறுத்தது:
உன்னிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது,
முதலில் அதை இழுத்துக்கொள்.
அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடித்துக்கொண்டிருந்தது.
வலுக்கட்டாயமாக என்று
ஒரு சொல் சேர்த்துத் தள்ளினேன்.

கணவாய் திறந்தது,
பெரிய எழுத்தில்.

பன்னிரண்டு நிமிடம். அவ்வளவுதான்.
அதற்குள் ஜெமால் அதைப் பார்த்துவிட்டு
காலி லாரியோடு ஏறிவிட்டான்,
மேலே மிஞ்சிய ஆடுகளை இறக்க.
திருத்தினேன். கூப்பிட்டேன். சிக்னல் இல்லை.
கோச்சா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

ஏழாம் வளைவில், சக்கரம் பனியில் புதைந்து,
ஹீட்டரைப் போட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தானாம் ஜெமால்.
திட்டவில்லை. போனை மட்டும் நீட்டினானாம்.
அங்கே வலை எட்டாது,
ஏற்றிய பக்கம் ஏற்றியபடியே நின்றது.
"பார், திறந்துதான் இருக்கிறது."

மறுநாள் வரலாற்றைப் பிரித்தேன்.
நான் தள்ளிய தள்ளில்
காலையில் எழுதிய மூடலே காணவில்லை.
கோச்சா திரும்பியது நடக்காததுபோல.
அலுவலகக் கணினியில் அது பத்திரமாக இருந்தது,
எடுத்து மறுபடி சேர்த்தேன்.
பொய் சொன்ன பன்னிரண்டு நிமிடத்தையும்
இப்போது அதேபோல அழித்துவிட முடியும்,
வழி தெரிந்துவிட்டது.
கை விசையில் இருந்தது கொஞ்ச நேரம்.
"நேற்று மாலை திறப்பு என்றது தவறு. கட்டாயப்படுத்தியது நான். லமாரா."

பக்கத்தில் ஒரு வரி கூடியது,
சிறிய எழுத்தில்: கடைசியாகப் பார்த்த நேரம்.

தொலைபேசி குறைந்துவிட்டது.
எங்கும் போகாதவர் மட்டும் இன்றும் கூப்பிட்டார்.
"உங்கள் பக்கத்தில் மூடியிருக்கிறதாம்."
ஆமாம்.
"சரி," என்றார். வைக்கவில்லை.
"பனி எப்படிப் பெய்கிறது?"