எடைச்சீட்டு

எடைச்சீட்டில் ‘இரும்பு’ என்று எழுதிக் கொடுத்தான்.
தேங்காய் லாரிக்கும் சோளத்தட்டு டிராக்டருக்கும் நடுவில்
வரிசையில் நின்று வந்த சாமானை
வேறெப்படி எழுதுவான்?
றெக்கை கழற்றிய மஞ்சள் உடம்பு.
மூக்கைச் சுற்றி ஒன்பது சிலிண்டர்.
வாலுக்கடியில் தள்ளுவண்டிச் சக்கரம் போல ஒன்று.
“அலுமினியமுங்க” என்றேன்.
“ரெண்டுக்கும் அதே காசுதானுங்” என்றான்.

முப்பது வருசம்
பாலிடெக்னிக் வாசலில், சிமெண்டு மேடைமேல் நின்றது.
பரீட்சைக்கு முந்தின நாள் பையன்கள்
அதன் வயிற்றில் ஆணியால் பேர் கீறினார்கள்.
இடது றெக்கையில், துப்பாக்கி இருந்த ஓட்டையில்
குளவி கூடு கட்டியது.
கட்டடம் கைமாறியபோது
காயலான் கடைக்கு முந்திக்கொண்டு வாங்கியவர் இம்மானுவேல்.
சூலூரில் சீருடையைக் கழற்றி வைத்தவர்.
வீட்டில் நாலு மாதம் பேச்சு வார்த்தை இல்லை.

எனக்கு விமானம் தெரியாது.
ஆவாரம்பாளையத்தில் பம்புக்கு புஷ் கடைகிறவன்.
அங்குலத்தில் எட்டில் ஒன்றை நூல் என்போம்;
ஒரு நூல் முன்னே பின்னே இருந்தால்
தோட்டத்துக் கிணறு கோபித்துக்கொள்ளாது.
இந்த வரைபடம் ஆயிரத்தில் ஒன்று கேட்டது.
மரையும் எங்கள் டை எதிலும் சேராத மரை.
ஒரே ஒரு போல்ட்டுக்காக
டூலைத் தீட்டித் தீட்டிப் பார்த்ததில்
டீக்கடை இரண்டு முறை திறந்து மூடியது.
ஐந்தாவது சிலிண்டருக்குள்
எலி, பஞ்சு மெத்தை போட்டிருந்தது.

சுக்கானுக்குத் துணி தைக்க
திருப்பூரிலிருந்து சம்பூரணம் வந்தாள்.
பனியன் கம்பெனியில் பதினாறு வருசம்.
இது எதற்கு, யார் ஓட்டுவது, எதுவும் கேட்கவில்லை.
“தையலுக்குத் தையல் எத்தனை விடோணும்?”
பழைய துணியைப் பிரித்தவளும் அவள்தான்.
உள்சட்டத்தில், பென்சிலில், தமிழில்:
‘மாசிலாமணி மூணு ரூபா தரணும்.’
வாங்கினவன் பேர் இருக்கிறது,
கொடுத்தவன் பேர் இல்லை, தேதி இல்லை.
“அழிச்சரலாங்களா?”
இம்மானுவேல் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்,
மாட்டிக்கொண்டும் பார்த்தார்.
“அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.”
“வட்டியோட இந்நேரம் ஒரு பவுன் தேறும்” என்றபடி
அதன்மேல் துணியை இழுத்துப் போர்த்தினாள்.

காகிதம் நகர ஒன்றரை வருசம்.

ஆடிக் காற்று ஓய்ந்த ஒரு வெடியால,
தாராபுரம் ரோட்டுக்கு அக்கட்ட, யாரோ ஆலை போட நினைத்து
பாதியில் விட்ட நீளத் தார்.
செம்மறி ஓட்டியவர் மந்தையை ஒதுக்கிவிட்டுத்
துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார்.
கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் தேங்கியிருக்கும்;
முதலில் விசிறியைக் கையால் தள்ள வேண்டும்.
நான் தள்ளினேன், சம்பூரணம் எண்ணினாள்.
பிறகு உள்ளே ஏதோ முனகியது,
கரண்டு குறைந்த மாவு மில் போல,
முனகல் ஏறி ஏறி, ஒரு இருமல்,
நீலப் புகை. ஆடுகள் எழுந்து நின்றன.
“ஒழுகுதுங்க!” என்று கத்தினேன்.
“ஒழுகலைன்னாத்தான் பயப்படணும்,
எண்ணெயே இல்லைன்னு அர்த்தம்!”

முதலில் வால் எழுந்தது.
அப்புறம் நிழல் தனியே கழன்று
முள்வேலியில் கீறல் படாமல் தாண்டியது.
காற்றாலைகளுக்கு மேலே, ஊதியூர் மலைப் பக்கம்
அது சாய்ந்து திரும்பும்போது கேட்டோம்,
சத்தத்துக்குள் இன்னொரு சத்தம்: விசில்.
குளவிக்கூட்டை எடுத்திருந்தோம்,
ஓட்டையை அடைக்கவில்லை.
எதைச் சுட அது குடையப்பட்டதோ தெரியாது.
இன்று காற்று நுழைந்து ஊதிக்கொண்டிருந்தது,
கலியாணத்துக்கு வந்த வாண்டு போல.

பதினொரு நிமிடம்.
இறங்கியதும் எல்லோரும் அவரிடம் ஓடினார்கள்.
நான் பழந்துணியோடு வயிற்றுக்கடியில் புகுந்தேன்.
எண்ணெய்க் கோட்டை விரலால் பின்தொடர்ந்தால்,
கீறிய பேர்களைக் கடந்து,
மடிப்பைக் கடந்து, என்ஜின் வரை போய்,
ஒரு புஷ்ஷில் நின்றது.
என் புஷ்.

பட்டறைக்குப் போன் போட்டேன்.
“லேத்தை நிறுத்திராதடா, வந்துட்டிருக்கேன்.”